0.08 இலிருந்து 0.6: இமாட்டினிப்பை மாற்றக் கேட்கவேண்டுமா?

தெமட்டகொடை வாசி:
வாப்பாவுக்கு 61 வயது, சீஎம்எல் என்ற இரத்தப் புற்றுநோய். மகரகமையில் கிளினிக். இரண்டு வருடமாக அதற்கான குளிசை இமாட்டினிப் 400 மில்லிகிராம். இரத்தத்தில் புற்றுநோய் மரபணு எவ்வளவு மீதி என்று பார்க்கும் பிசிஆர் சோதனை 0.08% இல் நின்றது, இம்முறை 0.6%. நோன்பு மாதத்தில் ஸஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டு நேரம்) குளிசை போட்டு வாந்தி வந்ததால் ஒன்பது பத்து நாள் விட்டுவிட்டார். வேறு குளிசை கேட்பதா? கிளினிக் மூன்று வாரத்தில்.

வெள்ளவத்தை மருந்தாளர்:
முதலில் அந்தப் பத்து நாளை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கோ. பெரும்பாலும் மறைப்பதே அதுதான். மூன்று மாதத்தில் பத்து நாள் விட்டால் போட்டது 90 சதவீதத்துக்கும் குறைவு, அந்த அளவே பிசிஆர் சதவீதத்தை ஏற்றப் போதும். சொல்லாவிட்டால் மருந்து தோற்றதென்று நினைத்து மாற்றிவிடுவார்கள்.

வாந்திக்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். இமாட்டினிப் இரைப்பையை உறுத்தும். ஸஹரில் அவசரமாக விழுங்கிவிட்டுப் படுத்தால் மேலே வரத்தான் செய்யும். சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் தண்ணீரோடு போட்டு, ஒன்றிரண்டு மணித்தியாலம் படுக்காமல் இருக்கவேண்டும். நோன்பில் இஃப்தார் (நோன்பு திறக்கும்) சாப்பாட்டோடு போடலாம். விழுங்கக் கஷ்டமென்றால் 400 மி.கி. குளிசையை 200 மி.லீ. தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கலாம். தவறியதற்கு மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசெபின், ஃபெனிடோயின் ஏதும் தொடங்கினார்களா? இவை ஈரலில் இமாட்டினிப்பை வேகமாக அழித்துவிடும். கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லியும் ஜம்போலாப் பழமும் (பம்பளிமாசு) மறுபக்கம்: இரத்தத்தில் அளவை ஏற்றும்.

ஆய்வுகூடக்காரன்:
தமிழில் எழுதினால் சோதனையும் (PCR) பிசிஆர், இந்த நோயின் மரபணுவும் (BCR) பிசிஆர்! ரிப்போர்ட்டில் சர்வதேச அளவுகோலில் கணித்த சதவீதம்தானா, இரண்டும் ஒரே ஆய்வுகூடமா என்று பாருங்கோ. ஒரே இடத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம் சோதனைத் தடுமாற்றத்திலும் வரும். ஏழு மடங்கை அப்படித் தள்ளிவிட முடியாது.

ஆனால் 0.1 இலிருந்து 1 வரை ஐரோப்பிய வழிகாட்டியில் எச்சரிக்கை வலயம். 1க்கு மேலே போனால்தான் தோல்வி. ஆகவே ஒழுங்காகப் போட்டு, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்பச் சோதிப்பதே வழமை. அப்போதும் ஏறினால், மருந்துக்கு அடங்காதபடி மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் பிறழ்வுச் சோதனை. மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கும் பழைய சாங்கர் முறைக்குப் பிறழ்ந்த பங்கு 15–20% ஆவது இருக்கவேண்டும். புதிய தலைமுறை வரிசையாக்கம் 3% அளவிலேயே பிடிக்கும்.

தெமட்டகொடை வாசி:
நிலோட்டினிப் இன்னும் பலமானதாமே? நேரே அதற்குப் போனால் என்ன?

வெள்ளவத்தை மருந்தாளர்:
ஒருவேளைக் குளிசையையே விட்டவருக்கு இருவேளைக் குளிசையா, நானா? நிலோட்டினிப்புக்கு முன் இரண்டு மணித்தியாலம், பின் ஒரு மணித்தியாலம் சாப்பாடு கூடாது. நோன்பில் அது இன்னும் சிக்கல். ஈசிஜி பார்க்கவேண்டும். சீனியும் கொலஸ்ட்ரோலும் ஏறலாம், இரத்தக்குழாய் அடைப்பும் வரலாம். டசாட்டினிப் ஒருவேளைதான், ஆனால் நுரையீரலைச் சுற்றி நீர் சேரலாம். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் சேர்ந்தால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது.

ஆய்வுகூடக்காரன்:
எந்தப் பிறழ்வு என்று தெரியாமல் தாவினால் வீண். ஒய்253எச், இ255கே, எஃப்359வி இருந்தால் நிலோட்டினிப் பலவீனம், டசாட்டினிப் பக்கம் போவார்கள். எஃப்317எல், வி299எல் என்றால் நேர்மாறு. டி315ஐ வந்தால் இமாட்டினிப், நிலோட்டினிப், டசாட்டினிப், பொசுட்டினிப் நான்குமே வெளியே: நோயை உண்டாக்கும் புரதத்தில் 315 ஆம் இடத்து அமினோ அமிலம் திரியோனின் ஐசோலியூசினாகி, மருந்து நுழையும் வாசலை அடைத்துவிடும். அதற்கு பொனாட்டினிப், அல்லது அந்தப் புரதத்தின் வேறு பொந்தில் போய் ஒட்டுகிற அசிமினிப். டி315ஐக்கு அசிமினிப் 200 மி.கி. இருவேளை. மற்ற நிலைகளில் நாளுக்கு மொத்தம் 80 மி.கி. மட்டும்.