புதுப்பிப்பு: மெக்வீனின் ஜாகுவார், கைமாறிய கதையில் ஒரு திருத்தம்

நடிகர் ஸ்டீவ் மெக்வீன் வைத்திருந்த 1957 ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் காரின் உரிமையாளர் வரிசையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அதில் ஒரு தவறு. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் நெவாடாவிலிருந்த ஹாரா என்பவரின் கார் சேகரிப்புக்கு விற்றதோடு அவருடைய பங்கு முடிந்தது என்று எழுதிவிட்டேன். முடியவில்லை. விற்ற காரை மறக்க முடியாமல், 1970களின் கடைசியில் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். 1980இல் இறக்கும்வரை அது அவரிடம்தான் இருந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் 1984 ஏலத்தில் அவருடைய நண்பர் ஒருவர் வாங்கினார். இங்கிலாந்துக்கு அனுப்பிப் புதுப்பித்தார். 2000இல் பீட்டர்சன் தம்பதியிடம் வந்தது. இன்று லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் அது வெள்ளை, உள்ளே சிவப்புத் தோல். பச்சையும் கறுப்புத் தோலும் மெக்வீன் மாற்றியவை. டாஷ்போர்டில் திறந்தே கிடந்த பெட்டிக்கு வான் டச் என்ற கைவினைஞரைக் கொண்டு ஒரு மூடியும் செய்து போட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும்.

இவ்வளவு கவனமாகப் பார்க்கக் காரணமும் உண்டு. 1957 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்த ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் ஆலை தீப்பிடித்ததால், அந்தக் காலத்தில் முழுமையாக வெளிவந்த எக்ஸ்கேஎஸ்எஸ் கார்கள் 16 மட்டுமே.