புகார் கொடுத்தவருக்கே மெமோ கேட்கிறார் இன்சார்ஜ். என்ன செய்யலாம்?

புதுசு (கேள்வி):
கிடங்கு ஒன்றில் பர்சனல் (ஊழியர் நிர்வாகம்) வேலைக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது. ஷிப்ட் இன்சார்ஜ் எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், வார லீவை நினைத்த நேரத்தில் மாற்றுகிறார் என்று பேக்கிங்கில் ஒரு பெண் எழுதிக் கொடுத்தார். நோட்டிலிருந்து கிழித்த ரெண்டு தாள், தேதி நேரம் போட்டு. மூணாம் நாள் இன்சார்ஜிடமிருந்து ஒரு கடிதம்: "இவர் இந்த மாதம் 6 முறை லேட். மெமோ கொடுக்கவும்."

பஞ்ச் மெஷின் பதிவைப் பார்த்தேன். 6 முறை என்பது உண்மைதான். 9:04, 9:07, அதிகபட்சம் 9:11. அதே ஷிப்டில் இன்னொருவர் 9 முறை, ஒருநாள் 9:25. அவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. மேனேஜரோ "லேட்னா லேட்தானே, மெமோவை அனுப்பு, புகாரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். டைப் செய்து வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

முன்னாள் பர்சனல் ஆபீசர்:
வராததே நல்லது தம்பி. கையெழுத்து உங்களுடையது, நாளைக்குக் கேள்வி வந்தால் மேனேஜர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

புகார் ஒரு ஃபைல், லேட் வேறு ஃபைல். முதலில் வந்ததை முதலில் எடுங்கள். விசாரிப்பவர் வேறு பிரிவு ஆளாக இருக்கட்டும். குறை சொன்னதற்காகத் தொழிலாளிக்கு எந்தப் பாதகமும் வரக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே 130-ஆம் பரிந்துரையில் எழுதி வைத்தது. மூணாம் நாள் மெமோ கொடுத்துவிட்டு 'அது வேற, இது வேற' என்றால் யார் நம்புவார்கள்?

லைன் இன்சார்ஜ்:
நானும் இன்சார்ஜ்தான், அடிக்க வராதீங்க. புகார் கொடுத்துட்டா லேட்டா வரலாம்னு ஆயிடக்கூடாது. வேலை சரியில்லைன்னு நான் ஒருத்தரைக் கூப்பிட்டுப் பேசின மறுநாளே என்மேல புகார் போட்டார். ரெண்டு மாசம் தொங்கிச்சு. என்ன புகார்னு எனக்கு யாரும் காட்டலை, கேன்டீன்ல பேசிக்கிட்டதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த இன்சார்ஜுக்கும் நகல் கொடுங்க, பதில் எழுத டைம் கொடுங்க.

முன்னாள் பர்சனல் ஆபீசர்:
இவர் சொல்வது நியாயம். லேட் விஷயத்திலும் அதேதான். அதே சர்வதேச அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆம் உடன்படிக்கை, நடத்தையைக் காட்டி ஒருவரை நீக்கும் முன் அவர் தரப்பைக் கேள் என்கிறது. மெமோ அவ்வளவு பெரிசில்லைதான். ஆனால் நாளை நீக்கத்துக்கு முதல் ஆதாரமாக வந்து நிற்பது அதுதான். முதலில் விளக்கம் கேளுங்கள். 9 முறை லேட் ஆனவரிடமும், அதே வாசகத்தில்.

ரிஜிஸ்டர்காரன்:
லேட் ஆன தேதியையும் அவங்க தாள்ல எழுதின தேதியையும் பக்கத்துல வச்சுப் பாத்தீங்களா?

புதுசு:
இல்லை, இப்போதுதான் பார்த்தேன். 6-ல் 4 ஒத்துப்போகிறது! நாலு நாளும் லீவு என்று இருந்தவை. முந்தின ராத்திரி 10 மணிக்கு மேல் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். இதை ஃபைலில் எழுதிவிடவா?

முன்னாள் பர்சனல் ஆபீசர்:
நீங்கள் எழுதாதீர்கள், அவருக்கு வக்கீல் ஆகிவிடுவீர்கள். விளக்கத்தில் அவரே சொல்லட்டும். நீங்கள் ஷிப்ட் சார்ட்டின் பழைய பிரதியைப் பத்திரப்படுத்துங்கள், அதைத் திருத்த ரொம்ப நேரம் ஆகாது.

புதுசு:
சார்ட்டை எடுத்துவிட்டேன் சார். விளக்கம் கேட்டு ரெண்டு பேருக்கும் 5 நாள் அவகாசத்தில் கடிதம் போகிறது. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சந்தேகம்: இன்சார்ஜுக்கு அந்தத் தாளையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதா?

முன்னாள் பர்சனல் ஆபீசர்:
டைப் செய்து கொடுங்கள், ஒரு வார்த்தைகூட மாற்றாமல். வாங்கியதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரிஜினல் பீரோவில் இருக்கட்டும், சாவி உங்களிடம்.