சீப்பு காகிதத்தை இழுக்காத நாள்

ஐப்பசி அடைமழை. எட்டாம் வகுப்புக்கு மின்னூட்டம் பற்றி நடத்த சீப்பும் காகிதத் துணுக்குகளும் கொண்டுபோனேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி தலையைப் பத்துத் தடவை வாரினாள். ஒரு துணுக்குகூட அசையவில்லை. தலையில் தேங்காய் எண்ணெய், காற்றில் எங்கள் கடற்கரை ஊரின் ஈரம். சேர்ந்த கொஞ்ச மின்னூட்டமும் கசிந்துபோயிற்று. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது, எனக்கும்தான்.

மறுநாள் பிவிசி பைப் துண்டையும் பழைய நைலான் புடவைத் துணியையும் குண்டு பல்பின் சூட்டில் காயவைத்து எடுத்துப்போனேன். தேய்த்து நீட்டியதும் காகிதம் எல்லாம் எழும்பி வந்து ஒட்டியது. ஒன்றிரண்டு மட்டும் ஒட்டிய மறுகணமே தெறித்துப் போயின. பைப்பின் எதிர் (மைனஸ்) மின்னூட்டம் அவற்றுக்கும் தொற்றிவிட்டது, ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும்.

"காகிதத்தை நாம தேய்க்கவே இல்லையே டீச்சர், அது ஏன் வருது?" என்றான் கடைசி வரிசைப் பையன்.

அன்றைய பாடமே அந்தக் கேள்விதான். பைப்பில் எலக்ட்ரான்கள் மிகுதி. அவை காகித மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களைத் துளி அப்பால் தள்ளும். பைப்பைப் பார்த்த பக்கம் நேர் (பிளஸ்), மறுபக்கம் எதிர். பக்கத்தில் இருப்பதை இழுக்கும் விசை அதிகம், தள்ளி இருப்பதை விலக்கும் விசை குறைவு. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்று பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785இல் அளந்து காட்டினாரே, அதுதான் காகிதத்தைத் தூக்குகிறது.

பிறகு ஒவ்வொருவர் கைக்கும் மேலே பைப்பைக் கொண்டுபோனேன். தொடவில்லை, ஒரு விரற்கடை இடைவெளி. பூனைமுடி அப்படியே எழுந்து நின்றது. தொடாமலே விசை எட்டும் வெளிக்குப் பெயரான மின்புலம் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

—

டீச்சர், நான் ஸ்பின்னிங் மில்லில் வேலை. எங்க கதை நேர் மாறு. பாலியஸ்டர் ஓடும்போது காத்து காய்ஞ்சா ஸ்லைவர், அதாவது நூலா முறுக்குறதுக்கு முன்னாடி இருக்கிற தளர்ந்த இழைத் திரி, புசுபுசுன்னு விரிஞ்சுடும். எல்லா இழையிலும் ஒரே மின்னூட்டம், ஒண்ணையொண்ணு தள்ளுது. அப்புறம் ரோலர்ல போய்ச் சுத்திக்கும். மெஷினை நிறுத்தி, கொக்கி வச்சுப் பிரிச்சு எடுக்கணும், விரல் நோகும். அதனாலதான் ஷெட்டுக்குள்ள ஈரக்காத்தை விட்டுக்கிட்டே இருப்பாங்க. உங்க வகுப்பைக் கெடுத்த ஈரம்தான் எங்களைக் காப்பாத்துது.

—

அண்ணா, அந்த ஸ்லைவர் ஒரு முழம் கிடைக்குமா? மழை விட்டதும் பிள்ளைகளுக்குக் காட்டணும்.