பொனெட் கஸ்டர்டில் ஓரமெல்லாம் ஓட்டை விழுகிறது, உதவுங்கள்

இத்தாலியில் டூரினில் இருக்கிறேன். இந்தப் பீட்மான்ட் பகுதிக்கே உரிய பொனெட் சரியாக வரமாட்டேன் என்கிறது. கோகோ, பொடித்த அமரெத்தி பிஸ்கட், கொஞ்சம் ரம் சேர்த்து, கேரமல் ஊற்றிய அச்சில் வேகவைக்கும் கஸ்டர்ட் அது. கேரமல் அருமையாக வருகிறது. கஸ்டர்ட்தான் சிக்கல்: ஓரத்தில் பஞ்சு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள், வெட்டினால் தண்ணீர் கசிகிறது, நடுவில் மட்டும் இன்னும் தளதளவென்று இருக்கிறது.

பால் அரை லிட்டர், முட்டை 4, சர்க்கரை 120 கிராம், அமரெத்தி 100, கோகோ 30. நீளமான அலுமினிய அச்சு. பழைய கேஸ் அவன், விசிறி இல்லை, தீ அடியில் மட்டும். வெந்நீர்த் தட்டில் வைத்து 160 டிகிரியில் ஒரு மணி நேரம்.

முட்டையை நுரைக்காமல் கலக்கி வடிகட்டியாயிற்று. அச்சுக்கு அடியில் துணி விரித்தேன், மேலே ஃபாயில் மூடினேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் கவிழ்க்கிறேன். ஓட்டை குறையவில்லை. பாதி நேரத்திலேயே தட்டுத் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது, என் சந்தேகம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஆட்கள் வருகிறார்கள்.

அடித்தீ மட்டும் உள்ள அவனில் செய்தவர்கள் சொல்லுங்கள்: தண்ணீர் கொதிக்காமலிருக்க எத்தனை டிகிரியில், எந்த அடுக்கில் வைக்கிறீர்கள்?