குணமான பிறகு சித்தி எங்கே வாழ்வது? ஆதரவுடன் கூடிய வீடுகள் பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் கடைசித் தங்கைக்கு மனச்சிதைவு நோய் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு வீட்டை விட்டு வெளியேறி, ஊர் ஊராகத் தெருவில் திரிந்து, இறுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே கிடைத்த சிகிச்சையால் இப்போது நன்றாகத் தேறியிருக்கிறார். எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கிறார், யாருடைய கல்யாணத்தில் என்ன நடந்தது என்பதைக்கூட நினைவுபடுத்திச் சொல்கிறார். இனி உள்நோயாளியாக இருக்க வேண்டியதில்லை என்று மருத்துவரும் கூறிவிட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சித்தப்பா வேறு திருமணம் செய்துகொண்டுவிட்டார், பாட்டி காலமாகிவிட்டார், என் அம்மாவோ தமது உடல்நலத்துக்கே பிறரை நம்பியிருக்கிறார். நான்கைந்து பெண்கள் சாதாரணத் தெரு ஒன்றில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்வார்கள், உதவிக்கு ஒரு பெண் இருப்பார், அங்கே சித்தியை அனுப்பலாமா என்று நிறுவனத்தினர் கேட்கிறார்கள். மாமாவோ இது காப்பகத்துக்கு வைத்த புதுப் பெயர்தான் என்கிறார். உண்மையிலேயே வேறுபாடு உண்டா? இப்படிப்பட்ட வீடுகளால் தெருவில் வாழ்ந்தவர்களின் வாழ்க்கை மீண்டும் அமைகிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கீழ்வானம் எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். மனநலச் சமூகப் பணியில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாமாவின் ஐயம் நியாயமானதே, ஏனென்றால் பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட காப்பகங்களும் இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்து வேறுபாட்டைக் கண்டுகொள்ள முடியாது. வாசற்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, இன்று என்ன சமைப்பது என்பதை யார் முடிவுசெய்கிறார்கள், கடைக்குப் போக யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா என்பவற்றைக் கவனித்தால் புரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மனநோயுடன் தெருவில் வாழும் பெண்களுக்காக 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய 'தி பான்யன்' அமைப்பு, சிகிச்சை முடிந்தும் திரும்பிச் செல்லக் குடும்பம் இல்லாதவர்களும் குடும்பம் ஏற்காதவர்களும் ஆண்டுக்கணக்கில் காப்பகத்திலேயே தங்கிப்போவதைக் கண்டு, 2015-இல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நீங்கள் விவரித்ததைப் போலவே நான்கைந்து பேர், ஊருக்குள் ஒரு வாடகை வீடு, அவரவர் தேவைக்கேற்பக் கூடவோ குறையவோ அமையும் உதவி என்பதே அதன் ஏற்பாடு. உதவியாளர்களில் பலர் பட்டம் பெற்ற செவிலியர்கள் அல்லர். பயிற்சி அளிக்கப்பட்ட உள்ளூர்ப் பெண்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சமூக மனநலச் சேவைகள் குறித்து வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆதரவுடன் வாழ்தலுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டிய சில சேவைகளுள் இதுவும் ஒன்று.

வாழ்க்கை மீண்டும் அமைகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பகத்தில் மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் மாத்திரை என்று பழகிய ஒருவர், காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் பண்டிகைக்குத் தமக்குப் பிடித்த நிறத்தில் புடவை எடுக்கவும் தொடங்கும்போது ஏற்படும் மாற்றத்தை மருந்துச் சீட்டில் எழுதித் தர இயலாது. சிலர் வேலைக்குப் போகிறார்கள். சிலர் போவதில்லை, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்கிறார்கள். அதுவும் வாழ்க்கைதான், சம்பாதித்தால்தான் தேறியதாக ஏற்றுக்கொள்வேன் என்று உறவினர்கள் நிபந்தனை விதிக்கக் கூடாது.

சட்டமும் உங்கள் சித்தியின் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குடும்பம் இல்லை என்பதற்காகவோ குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடு இல்லை என்பதற்காகவோ ஒருவர் மனநல நிலையத்திலேயே தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை என்று கூறுகிறது. இடைநிலை இல்லங்கள், குழு வீடுகள் போன்றவற்றை ஏற்படுத்துவதையோ அவற்றுக்குத் துணைநிற்பதையோ அரசின் கடமையாகவும் ஆக்குகிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்ட நிகழ்வை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை தெரியும்.

பனிக்காலம் எழுதியது:

நான் ஹெல்சிங்கியில் வசிக்கிறேன். இங்கே வீடற்றோர் அனைவரும் மனநோயாளிகள் அல்லர் என்பதால் ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது என்றாலும், பின்லாந்தின் பட்டறிவில் ஒன்று உங்கள் கேள்விக்குத் தொடர்புடையது. முன்பெல்லாம் குடியை நிறுத்து, சிகிச்சைக்கு ஒத்துழை, ஒழுங்காக இருக்கிறாய் என்று நிரூபி, அதன்பின் வீடு தருகிறோம் என்ற படிக்கட்டு முறைதான் இருந்தது. பலர் ஏதேனும் ஒரு படியில் வழுக்கி மறுபடியும் தெருவுக்கே வந்தார்கள். 2008-இல் தொடங்கிய தேசியத் திட்டம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் வாடகை ஒப்பந்தத்துடன் வீடு, மற்றவை அதன் பிறகு. இரட்சணிய சேனை நடத்திவந்த 250 படுக்கைகள் கொண்ட விடுதி ஒன்று, பணியாளர்கள் உடனிருக்கும் 81 தனிக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டது. வசிப்பவர் வாடகை செலுத்துகிறார், தேவைப்பட்டால் அரசின் வீட்டு உதவித்தொகை கைகொடுக்கிறது.

1980-களின் பிற்பகுதியில் 18,000-ஐத் தாண்டியிருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2023-இல் ஏறத்தாழ 3,400 ஆகக் குறைந்தது. 2024-இல் அது மீண்டும் 3,800 அளவுக்கு ஏறியதையும் சொல்லியாக வேண்டும். வீட்டு உதவித்தொகையில் கைவைத்ததை இங்குள்ள பலர் காரணமாகச் சுட்டுகிறார்கள்.

எதிர்க்காற்று எழுதியது:

நல்ல பக்கத்தை மட்டும் பேசினால் கேட்டவருக்குப் பயன் இல்லை. இத்தகைய வீடுகளுக்காக வாடகை வீடு தேடி அலைந்தவன் நான். மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும், முன்பணம் வாங்கத் தயாராக இருந்த வீட்டுக்காரருக்குத் திடீரென்று ஊரிலிருந்து மகன் வந்துவிடுவான். கிடைத்த வீடும் பேருந்து நிறுத்தத்திலிருந்து வெகுதொலைவில் இருக்கும். உதவியாளர்களின் ஊதியம் பெரும்பாலும் குறைவு என்பதால் அவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். பழகிய முகம் மாறும்போது அங்கே வாழ்பவர்கள் தடுமாறுகிறார்கள். நன்கொடை நின்றால் வீடு என்னவாகும் என்பதற்கும் எல்லா நிறுவனங்களிடமும் விடை இருப்பதில்லை.

அரசின் பார்வையும் இன்னும் படுக்கைகளை எண்ணும் நிலையில்தான் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகள், ஒரு இலட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் அளவில் வீடற்றோருக்கு உறைவிடம் வேண்டும் என்றன. மழையிலும் குளிரிலும் அது உயிர் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் நூறு பேர் வரிசையாகப் படுத்திருக்கும் கூடத்தில் எவரும் தம் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துக் கட்ட முடியாது. எனவே போகட்டுமா என்று கேட்பதற்கு முன், வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், எத்தனை ஆண்டுகளுக்கு நிதி உறுதி, உதவியாளர் விடுப்பில் போனால் மாற்று யார் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

வைகைக்கரை கேட்டது:

மூவருக்கும் நன்றி. எதிர்க்காற்று அவர்கள் கூறிய கேள்விகளைக் குறித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு கவலைகள் உள்ளன. நோய் திரும்பினால் என்ன செய்வார்கள்? சித்தியிடம் இப்போது எந்த ஆவணமும் இல்லையே, அதற்கு வழி என்ன?

கீழ்வானம் எழுதியது:

நோய் திரும்பக்கூடும், அதை மறைப்பதில் பொருளில்லை. அப்போது சில வாரங்கள் மருத்துவமனையில் இருக்க நேரிடலாம். அந்தக் காலத்தில் வீட்டில் அவருடைய இடம் காத்திருக்குமா, அல்லது வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களா என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல நிறுவனம் காத்திருக்கும் என்றுதான் சொல்லும். மேலும், தமக்கு மீண்டும் நோய் முற்றினால் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதையெல்லாம் தெளிவாக இருக்கும்போதே எழுதிப் பதிவுசெய்து வைக்கும் உரிமையை நான் முன்பு சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. அந்தப் பிரதிநிதி நீங்களாகவும் இருக்கலாம், சித்தி விரும்பினால்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, முதலில் ஆதார் மையத்தில் அவருடைய கைரேகையை வைத்துப் பாருங்கள். முன்பே பதிவு செய்திருந்தால் பழைய எண் கிடைத்துவிடும். இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழைக் கொண்டு புதிதாகப் பதிவு செய்யலாம். அடுத்ததாக மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறனாகக் கணக்கில் கொள்கிறது, பாதிப்பு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் பல உதவிகளுக்குத் தகுதி உண்டு. அதன்பின் அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு. உதவித்தொகை நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் நேராக அவர் கணக்குக்கு வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எழுதிவிட்டோம், சித்தியின் விருப்பம் என்ன என்று உங்கள் இரு பதிவுகளிலும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு நாள் விருந்தாளியாகத் தங்கிப் பார்க்க அனுமதிப்பார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள், மாமாவையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அங்கே அழைத்துச் செல்லுங்கள்.