இலங்கை விஷயத்தில் நம் தென்னாப்பிரிக்கா பேசிக்கொண்டே இருந்தால் போதுமா?

சாட்ஸ்வொர்த்_குமரன்:
வெளியுறவுத் துறைக்கு எழுதும் மனுவில் கையெழுத்துப் போடலாமா என்று ஞாயிறு கோயில் மண்டபத்தில் சாம்பார் வாளி காலியாகும் வரை இதே சண்டை. மிச்சத்தை இங்கே போடலாம். இலங்கைப் போரில் நடந்ததை விசாரிக்க 2014 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் தீர்மானம் வந்தது. ஆதரவு 23, எதிர்ப்பு 12, நடுநிலை 12. நடுநிலை நின்றவர்களில் தென்னாப்பிரிக்காவும் உண்டு. அது தப்பில்லை என்பது என் கட்சி. அந்த வருடமே நம் துணை அதிபராக இருந்த ராமபோசா சிறப்புத் தூதராகக் கொழும்பு போனார். ஆதரவாகக் கை தூக்கியிருந்தால் கதவைத் திறந்திருப்பார்களா?

மெரிபேங்க்_அக்கா:
கதவு திறந்தது சரி தம்பி, உள்ளே போய் என்ன கொண்டுவந்தோம்? காணாமல் போனவர்களின் அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில், பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்தார்களே, அவர்களுக்கு என்ன பதில்?

'உள்நாட்டு விவகாரம்' என்று கொழும்பு சொல்லும்போதெல்லாம் எனக்கு நம் பழைய பிரதமர் ஸ்மட்ஸ் ஞாபகம்தான் வருகிறது. 1946-ல் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டார். கெட்டோ சட்டம் என்றார்கள் நம் ஆட்கள். டர்பனில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேரும் மூலையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ராத்திரி வெள்ளைக்காரப் பையன்கள் வந்து கூடாரத்தைச் சாய்ப்பார்கள், விடிந்ததும் திரும்ப நடுவார்கள். எங்கள் ஆயா அங்கே சோறு கொண்டுபோனவர். இந்தியா வியாபாரத்தை நிறுத்திவிட்டு ஐ.நா.வுக்குப் போனது. ஸ்மட்ஸ் அங்கே 'எங்கள் வீட்டு விஷயம்' என்றார். ஐ.நா. சாசனத்தின் முகவுரையை எழுதியதில் அவருக்கும் பங்கு உண்டு, வேடிக்கை! அன்று யாரும் நடுநிலை என்று நம்மைக் கைவிடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தீர்மானம் நிறைவேறியது.

சாட்ஸ்வொர்த்_குமரன்:
நிறைவேறி? 1948-ல் நிறவெறித் தேசியக் கட்சி ஜெயித்தது, 1950-ல் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து என் தாத்தாவை இந்தச் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியது ஐ.நா. தீர்மானத்துக்கு அப்புறம்தான் அக்கா. வெளியே போட்ட சத்தத்தில் உள்ளே பிடி இறுகியது.

ஸ்டேங்கர்_வாத்தியார்:
பிடி தளர்ந்தது எப்போது என்பதையும் சொல்லுங்கள். அமெரிக்க அதிபர் ரீகன் வருடக்கணக்கில் பிரிட்டோரியாவின் நிறவெறி அரசோடு இதமாகப் பேசிப் பார்த்தார். 1985-ல் வெளிநாட்டு வங்கிகள் கடனை நீட்டிக்க மறுத்தபோதுதான் அவர்களுக்கு மூச்சு முட்டியது. இலங்கையும் 2015-ல் பேரவைத் தீர்மானத்தில் தானே சேர்ந்து கையெழுத்துப் போட்டது, 2020-ல் விலகிக்கொண்டது. விலகியதால் என்ன நஷ்டம் வந்தது?

சாட்ஸ்வொர்த்_குமரன்:
வாத்தியார் ஐயா, கடனை நிறுத்தினால் அரிசி விலை ஏறுவது கிளிநொச்சியிலும்தான். நம்மிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது: நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை ஆணைய அனுபவம்.

மெரிபேங்க்_அக்கா:
எது, குற்றம் செய்த 7,112 பேர் பொதுமன்னிப்புக் கேட்டு 849 பேருக்குக் கிடைத்ததே, அதுவா? கிடைக்காதவர்களில் எத்தனை பேர் கோர்ட் படி ஏறினார்கள்? நிறவெறியை எதிர்த்த அகமது திமோல் 1971-ல் போலீஸ் கட்டடத்திலிருந்து குதித்தார் என்றார்கள். தள்ளப்பட்டார் என்று நீதிபதி சொல்ல 2017 ஆனது. இதைத்தான் பார்சல் கட்டி அனுப்பப் போகிறோமா?

சாட்ஸ்வொர்த்_குமரன்:
திமோல் விஷயத்தில் வாயடைத்துவிட்டீர்கள். சரி, வெளியுறவுத் துறைக்கு எழுதும் மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். தூதர் முயற்சி தொடர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால்.

மெரிபேங்க்_அக்கா:
அந்த வரியை நீயே எழுதிக் கொண்டுவா. 'நடுநிலை' என்ற சொல்லைக் கண்டால் கிழித்துவிடுவேன்.