படகுல ரேடாருக்கும் சார்ட் பிளாட்டருக்கும் (கடல் மேப்பைக் காட்டுற திரை) ஜிபிஎஸ் இணைச்சவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

அக்கரைப்பேட்டை ஒயரிங்:
ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சு எல்லாம் கரையில் நிற்கும், எனக்கு வேலை குவியும். இந்த வருஷம் ஒரு ஓனர் கூப்பிட்டு, "ரேடார்ல கப்பல் ஒரு இடத்துல தெரியுது, மேப்புல ஏஐஎஸ் முக்கோணம் வேற இடத்துல நிக்குது. எதைத் தம்பி நம்புறது?"ன்னு கேட்டார். ஏஐஎஸ்ன்னா கப்பல்கள் தங்களோட இடத்தை ரேடியோவுல அனுப்புற கருவி.

போய்ப் பார்த்தா ஜிபிஎஸ் சிக்னல் ஒழுங்கா வருது. ஆனா அணியம், அதாவது படகோட முன்பக்கம், எந்தத் திசையைப் பார்க்குதுன்னு சொல்ற ஹெடிங் சென்சாரே இல்லை. ஜிபிஎஸ் சொல்றது படகு நகர்ற திசையை மட்டும்தான். மடியை (வலையை) இழுத்துக்கிட்டு ரெண்டு மூணு நாட் வேகத்துல போகும்போது நீவாடு (கடல் நீரோட்டம்) பக்கவாட்டுல தள்ளும். அணியம் ஒரு பக்கம், போற வழி ஒரு பக்கம். ரேடார் அணியத்தை வச்சுத்தான் கோணம் அளக்கும்; ஹெடிங் இல்லாததால பிளாட்டர் போற வழியை வச்சு அதை மேப்புல போடுது. ரெண்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தாலே, 3 நாட்டிக்கல் மைல்ல இருக்கிற கப்பல் கிட்டத்தட்ட ஒரு மைல் தள்ளித் தெரியும். ஏஐஎஸ் அந்தக் கப்பலோட சொந்த ஜிபிஎஸ் இடத்தையே அனுப்புறதால அது சரியா நிக்கும். நங்கூரம் போட்டுட்டா இன்னும் மோசம், ரேடார் படமே மேப்புல சுத்தும்.

சென்சாரை இன்ஜின், ஸ்பீக்கர், இரும்பு எதுவும் பக்கத்துல இல்லாம மாட்டினோம். ஸ்பீக்கர் காந்தம் பொல்லாதது; டிரைவர்கிட்ட பாட்டுப்பெட்டியை இடம் மாத்தச் சொல்றதுதான் வேலையிலேயே கஷ்டம்! தடை முடிஞ்சதும் அலை இல்லாத நேரமா பார்த்து மெதுவா வட்டமடிச்சு காலிபிரேட் பண்ணி, துறைமுகக் கல்லு முனையை வச்சு ரேடாரை நேராக்கினோம். இப்போ ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காருது.

காரைக்கால் படகு:
எங்களுக்கு ஏஐஎஸ்ஸே வரலை. பிளாட்டர் போர்ட்டோட டேட்டா வேகம் 4800-ல இருந்துச்சு, ஏஐஎஸ்ஸுக்கு 38400 வேணும். மாத்தினதும் வந்துடுச்சு. இன்னொண்ணு, ஒயர் கலரை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புக்கைப் பார்த்து, அனுப்புற ஒயரை வாங்குற ஒயர்ல போடுங்க.

பழையாறு:
நம்ம படகுல என்எம்இஏ 2000 கேபிள் (கருவிகளை எல்லாம் ஒரே லைன்ல இணைக்கிறது). ஜிபிஎஸ் திடீர் திடீர்னு காணாமப் போகும். மெக்கானிக் அண்ணன் பவரை ஆஃப் பண்ணிட்டு டேட்டா ஒயர் ரெண்டுக்கும் நடுவுல மீட்டர் வச்சார். 60 ஓம் காட்டணும், 120 காட்டுச்சு. கேபிளோட ரெண்டு முனையிலும் டெர்மினேட்டர்னு ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதுல ஒண்ணைக் கழட்டினா உள்ளே பின்னெல்லாம் பச்சையா உப்பு அரிச்சுக் கிடக்கு. புதுசு போட்டதும் சரி.

கோடியக்கரை டிரைவர்:
அண்ணே, இலங்கை எல்லைக்கோடு ரேடார்ல தெரியுமா?

அக்கரைப்பேட்டை ஒயரிங்:
தெரியாது தம்பி. ரேடார் எதிரொலிக்கிற பொருளைத்தான் காட்டும். கோடு சார்ட்டுலதான் இருக்கு. மேப்புமேல ரேடாரை வச்சுப் பார்த்தா ரெண்டும் சேர்ந்து தெரியும், அதுக்கு ஜிபிஎஸ், ஹெடிங் ரெண்டும் உள்ளே வரணும். செட்டிங்ல டேட்டம் (இடத்தைக் கணக்கிடுற அடிப்படை) டபிள்யூஜிஎஸ் 84-ன்னு இருக்கான்னும் பார்த்துக்க.